பித்தப்பைக் கல்: பருமன் காரணமா, பட்டினி காரணமா?

வாசகர் கேள்வி

டாக்டருக்கு வணக்கம். எனக்கு வயது 43. சுங்கை சிப்புட்டுக்கு அருகே ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவள். இப்போது பட்டணத்துத் தாமானில் குடியிருந்து, தொழிற்சாலையில் மாலை ஷிப்டு பார்க்கிறேன். உயரம் 157 செ.மீ. மகள் திருமணத்துக்குள் இளைத்துவிட வேண்டும் என்று, தோழி ஒருத்தி விற்ற மாவை இரண்டு வேளை கலக்கிக் குடித்து, ஒரு வேளை மட்டும் எண்ணெய் படாத காய்கறி சாப்பிட்டு, ஆறு வாரத்தில் 95 கிலோவிலிருந்து 84 கிலோவுக்கு இறங்கினேன். கல்யாண விருந்து சாப்பிட்ட அன்று இரவே மேல் வயிற்றில் தாங்க முடியாத வலி. கேஸ்ட்ரிக் என்று நினைத்து மருந்து குடித்தேன். மூன்றாவது முறை வலி வந்தபோது ஸ்கேன் எடுத்தார்கள். பித்தப்பையில் பல கற்கள், பெரியது 8 மி.மீ., ஈரலிலும் கொழுப்பு இருக்கிறதாம். அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளச் சொல்கிறார்கள். எனக்கு இனிப்பு நீரும் (நீரிழிவு) உண்டு. குண்டாக இருந்த இருபது வருடத்தில் வராத கல் இளைத்த பிறகு எப்படி வந்தது? இனிமேல் எடை குறைக்கவே வேண்டாம் என்கிறார் கணவர். வாழைத்தண்டுச் சாறு குடித்தால் கரைந்துவிடும் என்கிறார் அம்மா. ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தால் மறுநாளே கல் விழுந்துவிடும் என்கிறார் நாத்தனார். யார் பேச்சைக் கேட்பது? 19 வயதில் 110 கிலோ இருக்கும் என் மகனுக்கும் அந்த மாவை வாங்கிக் கொடுக்கலாம் என்று நினைத்திருந்தேன். இப்போது பயமாக இருக்கிறது.

ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

மருத்துவர் பதில்

அன்புச் சகோதரிக்கு வணக்கம். நீங்கள் பல கேள்விகள் கேட்டிருந்தாலும் அவற்றுக்கெல்லாம் வேர் ஒன்றுதான்: பருமனால் கல் வந்ததா, பருமனைக் குறைத்ததால் வந்ததா? இரண்டாலும் வந்தது என்பதே என் பதில். பல ஆண்டுப் பருமன் உங்கள் பித்தநீரின் பக்குவத்தைக் கெடுத்துப் பித்தப்பையையும் சோம்ப வைத்திருக்கிறது; ஆறு வாரப் பட்டினி அந்தச் சோம்பேறிப் பைக்கு முழு விடுமுறை கொடுத்துவிட்டது. உங்கள் எடைக்கும் உயரத்துக்குமான விகிதம் (பி.எம்.ஐ.) 38.5-இலிருந்து 34-க்கு இறங்கியிருக்கிறது. நம் மலேசிய மருத்துவ வழிகாட்டி 27.5-ஐ எட்டினாலே உடற்பருமன் என்று கணக்கிடுவதால், இனிமேல் குறைக்கவே வேண்டாம் என்று உங்கள் கணவர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் நீங்கள் குறைத்த விதம் தவறு என்பதில் அவரோடு உடன்படுகிறேன்.

பித்தம் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர்களுக்கு வாதம், பித்தம், கபம் நினைவுக்கு வந்து, தலை சுற்றினாலும் வாய் கசந்தாலும் பித்தம் ஏறிவிட்டது என்று இஞ்சி இடிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். நான் இங்கே பேசுவது அந்தப் பித்தத்தைப் பற்றி அன்று. ஈரல் நாள்தோறும் அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை சுரக்கும் பச்சை கலந்த மஞ்சள் நிறத் திரவத்தையே பித்தநீர் என்கிறோம். சாப்பிடாத நேரத்தில் அதில் ஒரு பகுதி ஈரலின் அடியில் தொங்கும், பேரிக்காய் வடிவிலான ஒரு சிறு பையில் போய்த் தங்குகிறது. அந்தப் பை 30 முதல் 50 மில்லிலிட்டர்தான் கொள்ளும் என்பதால், உள்ளே வந்ததில் உள்ள தண்ணீரை உறிஞ்சிப் பித்தநீரைப் பல மடங்கு கெட்டியாக்கி வைத்துக்கொள்கிறது. நாம் கொழுப்பும் புரதமும் சேர்ந்த உணவை உண்டதும், சிறுகுடலின் மேல்பகுதியிலிருந்து கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் இரத்தத்தில் கலந்து பித்தப்பையைச் சுருங்கச் செய்கிறது; குழாயின் வாசல் திறந்து, சேர்த்து வைத்த பித்தநீர் குடலுக்குள் பாய்ந்து கொழுப்பைச் செரிக்க உதவுகிறது. 1928-இல் கண்டறியப்பட்ட அந்த ஹார்மோனின் பெயருக்கே பித்தப்பையை அசைப்பது என்றுதான் பொருள்.

நீங்கள் லயத்தில் பிறந்தவர் என்பதால் உங்களுக்கு ஒரு பழைய காட்சியை நினைவூட்டுகிறேன். என் தாயாரும் ரப்பர் மரம் சீவியவர்தான். மரத்தில் கட்டிய மங்கில், அதாவது கிண்ணத்தில், வடிந்த பாலை உரிய நேரத்தில் வாளியில் சேர்த்து ஸ்டோருக்குக் கொண்டுபோனால் அது பாலாகவே போய்ச் சேரும். எடுக்காமல் விட்ட மங்கில் மறுநாள் உறைந்த கட்டிப்பால்தான் கிடக்கும். தூரத்து ஆலைக்குப் போகவேண்டிய பாலில், உறையாமல் இருக்க அமோனியா கலப்பார்கள். பித்தநீரிலும் இந்தக் கதைதான் நடக்கிறது. கொலஸ்ட்ரால் தண்ணீரில் கரையாது. பித்த உப்புகளும் லெசிதின் என்ற பொருளும் அமோனியாவின் வேலையைச் செய்து அதைக் கரைந்த நிலையில் வைத்திருக்கின்றன. கொலஸ்ட்ரால் அவற்றின் சக்திக்கு மீறிச் சேர்ந்தாலோ, பை உரிய நேரத்தில் காலியாகாமல் போனாலோ, உள்ளே கட்டிப்பால் உருவாகிறது. இரண்டும் சேர்ந்து நடந்தால் கேட்கவே வேண்டாம்.

பருமன் இந்த இரண்டையும் செய்கிறது. முதலாவது, உடலில் சேரும் ஒவ்வொரு கிலோ கூடுதல் கொழுப்புக்கும் உடல் நாளொன்றுக்கு ஏறக்குறைய 20 மில்லிகிராம் கொலஸ்ட்ராலைக் கூடுதலாக உற்பத்தி செய்கிறது. 25 கிலோ கூடியிருந்தால் நாளுக்கு அரை கிராம். அது வெளியேறுவதற்கு உள்ள முதன்மையான வழி ஈரல் வழியாகப் பித்தநீரில் கலப்பதுதான். இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு இரத்தத்தில் கொலஸ்ட்ரால் சரியாகத்தான் இருக்கிறது, பிறகு எப்படிக் கொலஸ்ட்ரால் கல் வரும் என்று கிளினிக் அட்டையைக் காட்டிக் கேட்பவர்கள் பலர். இரத்தத்தில் இருக்கும் அளவை வைத்துப் பித்தநீரில் இருக்கும் அளவைச் சொல்லிவிட முடியாது. அட்டையில் எண் ஒழுங்காக இருக்கும் பலருக்குப் பித்தநீர் கொலஸ்ட்ராலால் நிறைந்து வழிகிறது.

இரண்டாவது, பித்தப்பையின் அசைவு. பலர் அறியாத பகுதி இதுதான். உங்கள் விஷயத்தில் முக்கியமானதும் இதுதான். பருமனானவர்களின் பித்தப்பை வெறும் வயிற்றில் இருக்கும்போதே வழக்கத்தைவிடப் பெரிதாக விரிந்திருப்பதும், உண்ட பிறகு முழுமையாகச் சுருங்காமல் ஒரு பகுதியை உள்ளேயே வைத்துக்கொள்வதும் ஸ்கேனில் அளந்து கண்ட உண்மைகள். பித்தநீரில் மிகுந்த கொலஸ்ட்ரால் பையின் தசைச் சுவருக்குள்ளும் ஊறி, ஹார்மோன் வந்து அழைத்தாலும் தசை அதற்குச் சரியாகப் பதில் சொல்லாதபடி மரத்துப்போகச் செய்கிறது. இன்சுலின் சரியாக வேலை செய்யாத நிலையும் இந்த மந்தத்தைக் கூட்டுகிறது. நீண்ட நாள் இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு நரம்புகளும் பாதிக்கப்படுவதால் அது இன்னும் அதிகமாகிறது. கெட்டியான பித்தநீர் இப்படித் தேங்கும்போது பையின் உட்சுவர் சளி போன்ற ஒரு பொருளை அதிகமாகச் சுரக்க, அந்தப் பிசுபிசுப்பில் கொலஸ்ட்ரால் துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன. முதலில் சேறு, பிறகு மணல், பிறகு கல்.

பெண்களுக்கு இது கூடுதலாக வருவதற்கு ஈஸ்ட்ரோஜன் ஒரு காரணம். அது பித்தநீரில் கொலஸ்ட்ராலைக் கூட்டுகிறது. கருவுற்ற காலத்தில் மிகும் புரோஜெஸ்ட்ரோனோ பையின் அசைவைக் குறைக்கிறது. நாற்பது வயதும் பிள்ளைப்பேறும் பருமனும் சேர்ந்த பெண்ணுக்கு மேல் வயிற்று வலி என்றால் முதலில் பித்தப்பையை நினை என்று எங்களுக்கு மாணவப் பருவத்திலேயே சொல்லித் தந்தார்கள். அமெரிக்கச் செவிலியர்களிடம் நடத்திய நெடுங்கால ஆய்வொன்றில், எடை உயர விகிதம் 45-ஐத் தாண்டிய பெண்களுக்கு, மெலிந்த பெண்களைவிட ஏழு மடங்கு அதிகமாகக் கல் நோய் வந்ததாகக் கண்டார்கள். மலேசியாவில் 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் எடை கூடியவர்கள் அல்லது பருமனானவர்கள். விடியலுக்கு முன் பெரட்டுக்கு (தோட்டத்து ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று, நாள் முழுதும் மரத்துக்கு மரம் நடந்த தலைமுறை உண்ட அதே சோற்றளவை, எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் நின்றோ உட்கார்ந்தோ வேலை பார்க்கும் நாமும் உண்கிறோம்; அதன்மேல் இரவு ஷிப்டு முடிந்து மாமாக் கடையில் ரொட்டி சானாயும் தே தாரிக்கும்.

இனி உங்கள் முதன்மைக் கேள்விக்கு வருகிறேன். இருபது ஆண்டில் வராத கல் என்று எழுதியிருக்கிறீர்கள். பித்தப்பைக் கற்கள் பொதுவாக ஆண்டுக்கு ஓரிரு மில்லிமீட்டர் அளவிலேயே வளர்கின்றன. ஆகவே 8 மி.மீ. கல் ஆறு வாரத்தில் பிறந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. கல் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு அது எந்தத் தொல்லையும் தராமல் பல்லாண்டு கிடக்கும். உங்கள் பெரிய கல்லும் அப்படிக் கிடந்ததுதான். அதைச் சுற்றியிருக்கும் சிறு கற்களில் சில புதியவையாக இருக்கலாம். வேகமாக இளைக்கும்போது கொழுப்புத் திசுவில் அடைபட்டிருந்த கொலஸ்ட்ரால் ஒரேயடியாகக் கரைந்து ஈரலுக்கு வந்து பித்தநீரில் இறங்குகிறது. அதே நேரத்தில் எண்ணெயே படாத உணவைச் சாப்பிட்டால் குடலிலிருந்து பித்தப்பைக்கு அழைப்பே போவதில்லை. ஒரு பக்கம் வரத்து கூடிவிட்டது. மறுபக்கம் மங்கில் நிறைந்த பாலை யாரும் எடுக்கவில்லை. வாரத்துக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் இறங்கினால் கல் உருவாகும் அபாயம் தெளிவாகக் கூடுகிறது. நீங்கள் வாரத்துக்கு ஏறக்குறைய 1.8 கிலோ இறக்கியிருக்கிறீர்கள். ஆறு வாரம் சும்மா கிடந்த பை, திருமண விருந்தின் பிரியாணியும் ஆட்டுக்கறிப் பிரட்டலும் உள்ளே போனதும் முழு வேகத்தில் சுருங்க, ஒரு கல் பையின் கழுத்தில் போய்ச் சிக்கிக்கொண்டது. அன்றிரவு நீங்கள் பட்ட வலி அதுதான்.

அந்த வலியைக் கேஸ்ட்ரிக் என்று எண்ணியதற்காக உங்களை நான் குறை சொல்ல மாட்டேன், ஏனென்றால் நானும் அந்தத் தவற்றைச் செய்திருக்கிறேன். பணியில் சேர்ந்த புதிதில், ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில், நள்ளிரவில் வந்த ஓர் அம்மாவுக்கு வயிற்றுப்புண் மருந்து கொடுத்து இரண்டு முறை வீட்டுக்கு அனுப்பினேன். மூன்றாவது முறை அவர் கண்கள் மஞ்சளாகி வந்து நின்றார். வலி எங்கே என்று மட்டும் கேட்டேனே தவிர, எப்போது தொடங்கி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேட்கவில்லை. பித்தப்பை வலி பெரும்பாலும் கனமான உணவுக்குப் பின், இரவில், நடு மேல் வயிற்றிலோ வலது விலாவுக்குக் கீழோ தொடங்கி, அரை மணிக்கு மேல் சில மணி நேரம் விடாமல் நின்று, வலது தோள்பட்டைக்குப் பின்னால் குத்தும், குமட்டும், எப்படிப் படுத்தாலும் ஆறுதல் கிடைக்காது. வயிற்று எரிச்சலோ வந்து வந்து போகும், மருந்துக்கு அடங்கும். மாரடைப்பும் இதே இடத்தில் வலிக்கலாம், அதிலும் இனிப்பு நீர் உள்ள பெண்களுக்கு. அடுத்த முறை வலி வந்தால் இதயத்துக்கான ஈசிஜி ஒன்றையும் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

உங்கள் அம்மாவின் வாழைத்தண்டுச் சாறு கல்லைக் கரைக்கும் என்ற பேச்சு சிறுநீரகக் கல்லைப் பற்றியது. அது பெரும்பாலும் கால்சியம் கலந்த கல். சிறுநீர் வழியில் இருப்பது. பித்தப்பைக் கல்லோ பெரும்பாலும் கொலஸ்ட்ரால் கல். அது இருக்கும் பைக்கும் சிறுநீருக்கும் தொடர்பே இல்லை. நாம் குடிக்கும் எந்தச் சாறும் குடலிலிருந்து பித்தப்பைக்குள் ஏறிப்போவதும் இல்லை. தமிழில் இரண்டையும் கல் என்றே சொல்வதால் வந்த வினை இது. வாழைத்தண்டைப் பொரியலாகச் செய்து சாப்பிடுங்கள், நார்ச்சத்து நல்லது. மருந்தாக நம்ப வேண்டாம்.

நாத்தனார் சொல்லும் வைத்தியத்தில் ஆபத்தே உண்டு. ஆலிவ் எண்ணெயை எலுமிச்சைச் சாற்றோடு மொத்தமாகக் குடித்தால் மறுநாள் மலத்தில் பச்சை நிறத்தில் மெழுகு உருண்டைகள் விழும் என்பது உண்மைதான். 2005-இல் ஒரு மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வில், அப்படி வெளியேறிய உருண்டைகளைப் பரிசோதித்தபோது அவற்றில் கொலஸ்ட்ராலே இல்லை. குடித்த எண்ணெயே வயிற்றில் சவர்க்காரம் போலத் திரண்டிருந்தது. அவ்வளவு எண்ணெய் ஒரே நேரத்தில் உள்ளே போனால் பித்தப்பை பலமாகச் சுருங்கும். உங்களிடம் இருக்கும் சிறு கல் ஒன்று பித்தநீர் குடலுக்குப் போகும் பொதுக் குழாயில் இறங்கி அடைத்துக்கொண்டால் மஞ்சள் காமாலையோ கணைய அழற்சியோ வரும். கணைய அழற்சி உயிரை வாங்கக்கூடியது. தயவுசெய்து இதை மட்டும் செய்துவிடாதீர்கள்.

கல்லைக் கரைக்கும் மாத்திரை ஒன்று உண்டு, அர்சோடிஆக்ஸிகோலிக் அமிலம். சுண்ணாம்பு ஏறாத சிறு கொலஸ்ட்ரால் கல்லுக்கு, பித்தப்பை நன்றாகச் சுருங்கும் நிலையில், ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுவரை உண்ண வேண்டும். நிறுத்திய பின் ஐந்து ஆண்டுக்குள் பாதிப் பேருக்குக் கல் திரும்பிவிடுகிறது. அதன் உண்மையான பயன், எடை குறைப்பு அறுவைச் சிகிச்சை செய்துகொள்வோருக்கும் மிக வேகமாக இளைக்க வேண்டியவர்களுக்கும் கல் புதிதாக உருவாகாமல் தடுப்பதுதான். மூன்று முறை வலி கண்டு, பல கற்களும் மந்தமான பையும் உள்ள உங்களுக்குப் பையையே எடுத்துவிடுவதுதான் தக்க வழி என்று உங்கள் மருத்துவர் சொன்னதை நான் முழுமையாக ஆதரிக்கிறேன். கல்லை மட்டும் எடுத்துவிட்டுப் பையை விட்டுவைக்கக் கூடாதா என்று பலர் கேட்பார்கள். கல்லைச் செய்தது அந்தப் பை. விட்டுவைத்தால் மறுபடியும் செய்யும்.

பித்தப்பையை எடுக்க 1985-இல் ஜெர்மனியில் முதன்முதலாகச் செய்யப்பட்ட துளைவழிச் சிகிச்சை இன்று உலகெங்கும் வழக்கமாகிவிட்டது. வயிற்றில் பொதுவாக நான்கு சிறு துளைகள் போட்டுச் செய்வார்கள். பெரும்பாலோர் ஓரிரு நாளில் வீடு திரும்புகிறார்கள். பருமனானவர்களுக்குப் பெரிய வெட்டுக்காயம் ஆறுவது கடினம் என்பதால் அவர்களுக்கு இந்த முறை இன்னும் ஏற்றது. பை இல்லாவிட்டால் செரிமானமே நடக்காது என்ற அச்சம் வேண்டாம். பித்தநீர் ஈரலிலிருந்து நேரடியாகக் குடலுக்கு வடிந்துகொண்டிருக்கும். சிலருக்குச் சில வாரங்கள் வயிறு இளகிப்போகும், பிறகு சரியாகிவிடும். சர்க்கரை அளவைக் கட்டுக்குள் வைத்துக்கொண்டு போனால் காயம் ஆறுவதும் மயக்க மருந்தும் எளிதாக இருக்கும். அதை இப்போதே கவனியுங்கள்.

தேதி கிடைக்கும்வரை ஒன்றை மறக்க வேண்டாம். வலி ஐந்து மணி நேரத்துக்கு மேல் நின்றாலோ, காய்ச்சலோடு குளிர் நடுக்கம் வந்தாலோ, கண் மஞ்சளானாலோ, சிறுநீர் பாலில்லாத தேநீர் நிறத்திலும் மலம் வெளிறியும் போனாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். ஈப்போவில் கல்லூரி முடித்த மகள் காரில் வந்து கூட்டிப்போவாள் என்று உட்கார்ந்திருந்து, பித்தப்பை அழுகிய நிலையில் வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

உணவைப் பொறுத்தவரை, எண்ணெயை அறவே விலக்க வேண்டாம், மொத்தமாகவும் கொட்ட வேண்டாம். நாள் முழுதும் வெறும் வயிற்றோடு இருந்துவிட்டு இரவு பதினொன்றரைக்கு நாசி லெமாக்கும் பொரித்த கோழியும் சாப்பிடுவது உங்கள் பித்தப்பைக்கு மிக மோசமான அட்டவணை. ஷிப்டுக்குப் போகுமுன் ஒரு சாப்பாடு, இடைவேளையில் சிறிது, காலையில் எழுந்ததும் சிறிது என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டி எண்ணெயில் தாளித்த பருப்போ மீனோ முட்டையோ இருக்கட்டும். தேங்காய்ப் பால் ஊற்றிய குழம்பையும் பொரித்ததையும் சிகிச்சை முடியும்வரை தள்ளி வையுங்கள். சிகிச்சைக்குப் பின் வாரத்துக்கு அரை முதல் ஒரு கிலோ என்ற கணக்கில் குறைத்தால், ஈரலில் படிந்த கொழுப்பும் இறங்கும், இனிப்பு நீர் மாத்திரையும் குறையலாம். உங்கள் கணவரிடம் இந்தப் பகுதியைப் படித்துக் காட்டுங்கள். குறைத்து ஏற்றி, குறைத்து ஏற்றி என்று ஊசலாடுவதும் கல்லுக்கு வழி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மகனுக்கு அந்த மாவு வேண்டாம். அவனைக் கிளினிக்கில் காட்டி, எடை, இடுப்புச் சுற்றளவு, இரத்தச் சர்க்கரை, ஈரல் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். குடும்பத்தில் கல் இருப்பதையும் அங்கே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு கூடுதல். இப்போது பலர் கேட்டு வரும் எடை குறைப்பு ஊசியைப் பற்றி அவனும் கேட்கலாம். அதுவும் பித்தப்பையின் சுருக்கத்தைக் குறைக்கக்கூடியது என்பதால், மருத்துவர் பார்த்து எழுதித் தராமல் வெளியில் வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது. வாரத்துக்கு அரை கிலோவீதம் குறைத்தாலும் அடுத்த தீபாவளிக்குள் அவனுடைய பழைய சட்டைகள் பெரிதாகிவிடும். அந்த மாவு டப்பாவில் மீதமிருந்தால் தோழியிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.